சனிக்கிழமை நின்ற செக்கு

யூதர் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் பங்கு மக்களின் உள்ளத்தில் எழும் உருவம் எத்தகையது? பெரும்பாலும் அது தவக்காலப் பாஸ்கு மேடையில் சிறுவயது முதல் நாம் கண்டு பழகிய உருவமே. ஒட்டுத்தாடியும் உரத்த குரலுமாய்ப் பிலாத்துவின் முற்றத்தில் கூச்சலிடும் கூட்டமே நமக்குத் தெரிந்த யூதர். அதே மேடையில் சிலுவை சுமப்பவரும், வழியில் அவரைச் சந்திக்கும் அன்னையும், மும்முறை மறுதலித்துப் பின் மனம் கசந்து அழும் பேதுருவும் யூதர்களே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். இந்த மறதியைத் திருத்தவே இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று, கிறிஸ்தவமல்லாத சமயங்களைப் பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது. ஆண்டவரின் பாடுகளுக்கு அக்காலத்து யூதர் அனைவரையுமோ, இக்காலத்து யூதரையோ பொறுப்பாக்கலாகாது எனத் திருச்சபை அதில் தெளிவாகக் கற்பித்தது. 1986 ஏப்ரல் 13 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உரோமை நகரின் தொழுகைக்கூடத்திற்கே சென்று, அம்மக்களை நம் மூத்த சகோதரர் என்று அழைத்தார்.

மூத்தவரிடமிருந்து இளையவர் கற்றுக்கொள்வது குடும்ப முறை. நாடின்றி, அரசின்றி, கோவிலின்றிப் பல நூற்றாண்டுகள் சிதறி வாழ்ந்தும் ஒரு மக்களினம் தன் நம்பிக்கையை எவ்வாறு இழக்காமல் காத்தது? இக்கேள்விக்கு விடை தேட நாம் எருசலேமுக்கோ உரோமைக்கோ செல்ல வேண்டியதில்லை. நம் நாட்டின் மேற்குக் கடற்கரையே போதும்.

மும்பைக்குத் தெற்கே, அலிபாக் நகரை அடுத்த கொங்கணக் கடலோரச் சிற்றூர்களில் 'பெனே இஸ்ரயேல்', அதாவது இஸ்ரயேலின் மக்கள், என்னும் ஒரு சமூகம் வாழ்ந்து வந்தது. பன்னெடுங்காலத்திற்கு முன் ஒரு கப்பல் நவ்காவ் என்னும் இடத்தருகே உடைந்தது என்றும், ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டுமே உயிர் தப்பிக் கரையேறினர் என்றும், தாங்கள் அவர்களின் வழிவந்தோர் என்றும் அவர்களின் மரபுச் செய்தி கூறுகிறது. கொண்டு வந்த நூல்கள் யாவும் கடலோடு போயின. காலப்போக்கில் அவர்கள் எபிரேய மொழியை மறந்தனர், மராத்தி பேசினர், மராத்தியர் போலவே உடுத்தினர். தாம் வாழ்ந்த ஊரின் பெயரோடு 'கர்' என்னும் ஈற்றைச் சேர்த்துத் தம் குடும்பப் பெயராக்கிக்கொண்டனர். செக்காட்டி எண்ணெய் எடுப்பது அவர்களின் தொழில். குருவும் இல்லை, சுருளேடும் இல்லை, தொழுகைக்கூடமும் இல்லை.

ஆயினும் சனிக்கிழமை வந்தால் அவர்களின் செக்கு நின்றது. மாடு அவிழ்த்துவிடப்பட்டது. அன்று எண்ணெய் வாங்க வந்தவர் வெறுங்கையோடு திரும்பினார். அக்கம்பக்கத்தார் அவர்களுக்கு இட்ட பெயர் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை ஓய்ந்திருக்கும் எண்ணெய் வாணியர். அவர்கள் எந்தச் சமயத்தினர் என்பது அண்டை வீட்டாருக்குத் தெரியாது. அவர்கள் எந்த நாளில் உழைக்கமாட்டார்கள் என்பது மட்டும் ஊர் முழுவதற்கும் தெரிந்திருந்தது.

அந்த ஓய்வுநாளோடு வேறு சிலவற்றையும் அவர்கள் கைவிடவில்லை. பிறந்த எட்டாம் நாளில் ஆண் குழந்தைக்கு விருத்தசேதனம் செய்தனர். விலக்கப்பட்ட உணவை விலக்கினர். இறைவன் ஒருவரே என்று அறிக்கையிடும் 'ஷெமா' என்னும் மன்றாட்டின் எபிரேயச் சொற்களைப் பிறப்பு, திருமணம், இறப்பு என எல்லா நிகழ்வுகளிலும் சொல்லினர். திருநாள்களின் எபிரேயப் பெயர்கள் மறந்துபோயின, திருநாள்கள் மறையவில்லை. பாவக்கழுவாய் நாளை 'கதவடைக்கும் திருநாள்' என்று மராத்தியில் அழைத்து, அன்று வீட்டுக் கதவைச் சாத்தி உண்ணா நோன்பிருந்தனர். பாஸ்காவோ அவர்களுக்குப் 'புளிக்காடிப் பானையை மூடும் திருநாள்' ஆயிற்று. புளித்த மாவை அகற்றச் சொன்ன மோசேயின் கட்டளை, கொங்கணத்து அடுக்களையில் ஒரு பானையின் மூடியாக எஞ்சி நின்றது. இறைவாக்கினர் எலியாவின் பெயரால் நன்றி செலுத்தும் வழிபாட்டில், வெல்லமோ சர்க்கரையோ சேர்த்த அவலும் தேங்காய்த் துருவலும் பழங்களும் படைத்துப் பகிர்ந்தனர். ஒன்று மட்டும் அவர்களுக்குத் தெரியாதிருந்தது. மக்கபேயர் காலத்தில் எருசலேம் கோவில் தூய்மையாக்கப்பட்டதை நினைவுகூரும் அர்ப்பண விழா அவர்களின் வழக்கில் இல்லை.

பின்னர் தாவீது ராஹபி என்னும் யூதர் ஒருவர் அவர்களிடையே வந்தார் என்பர். இவர்கள் உண்மையிலேயே இஸ்ரயேலின் மக்கள்தாமா என்று அறிய அவர் ஒரு சோதனை வைத்ததாக மரபு கூறுகிறது. பலவகை மீன்களைக் கலந்து பெண்களிடம் கொடுத்துச் சமைக்கச் சொன்னார். செதிலும் துடுப்பும் உள்ள மீன்களை மட்டும் அப்பெண்கள் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை ஒதுக்கினர். லேவியர் நூலின் விதியை அவர்கள் ஏட்டில் படித்ததில்லை. தம் தாயின் கைகளிலிருந்து கற்றிருந்தனர். ராஹபிக்கு அதற்கு மேல் சான்று தேவைப்படவில்லை. அவர் மூவரைத் தேர்ந்து அவர்களுக்கு மறைநூல் அறிவையும் சடங்கு முறைகளையும் பயிற்றுவித்தார்.

அதன்பின் மலர்ச்சி வந்தது. 1796-இல் படைவீரரான சமூவேல் எசேக்கியேல் திவேகர் மும்பையில் அச்சமூகத்தின் முதல் தொழுகைக்கூடத்தை எழுப்பினார். 1829-இல் மும்பை வந்த ஸ்காட்லாந்து மறைப்பணியாளர் ஜான் வில்சன், அவர்களின் இளைஞருக்கு எபிரேய மொழி கற்பித்தார். கிறிஸ்துவிடம் அவர்களை அழைத்துவரும் நோக்கோடு அவர் அதைச் செய்தார். அவர்களோ அந்த எபிரேயத்தைக் கொண்டு தம் மூதாதையரின் மன்றாட்டுகளைப் பொருளுணர்ந்து படிக்கத் தொடங்கினர். 1874-இல் புனேயில் எபிரேயமும் மராத்தியுமாக அச்சிடப்பட்ட பாஸ்கா இரவு நூலில், சேலை உடுத்திய பெண்கள் புளியாத அப்பம் தயாரிக்கும் படங்கள் இடம்பெற்றன. 1964-இல் இஸ்ரயேல் நாடு அவர்களை எல்லா வகையிலும் யூதர் என ஏற்றது. மகாராட்டிர அரசு 2016-இல் யூதருக்குச் சிறுபான்மைச் சமயத்தினர் என்னும் தகுதியை அளித்தது.

இவ்வரலாற்றை இறையியல் கண்கொண்டு நோக்குவோம். மரபு என்பதற்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'பரதோசிஸ்'. கையளித்தல் என்பது அதன் பொருள். பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதும்போது, நற்கருணையைப் பற்றியும் உயிர்ப்பைப் பற்றியும் தாம் பெற்றுக்கொண்டதையே அவர்களிடம் ஒப்படைத்ததாகக் கூறுகிறார். பெறுதல், ஒப்படைத்தல் என்னும் இவ்விரு சொற்களும் அவர் பயின்ற யூத ஆசிரியர் பள்ளியின் சொற்கள். எனவே நம் திருமரபு என்னும் கருத்தே அந்த மூத்த வீட்டிலிருந்து நமக்கு வந்தது. காணிக்கைப் பவனிக்குப் பின் அப்பத்தையும் இரசத்தையும் ஏந்தி, படைப்பின் ஆண்டவரைப் போற்றிக் குரு சொல்லும் மன்றாட்டு, யூதக் குடும்பத் தலைவர் உணவுமேசையில் சொல்லும் வாழ்த்துரையைத் தழுவியது. ஒவ்வொரு நாளும் நம் பலிபீடத்தில் ஒரு யூத வீட்டின் உணவறை நினைவுகூரப்படுகிறது.

வீடு என்னும் இச்சொல்லை நாம் சற்று ஆழ்ந்து எண்ண வேண்டும். கி.பி. 70-இல் உரோமைப் படைகள் எருசலேம் கோவிலை இடித்தபோது பலியும் குருத்துவப் பணியும் நின்றுபோயின. அப்போது யாப்னே என்னும் ஊரில் கூடிய யோகனான் பென் சக்காய் முதலான ஆசிரியர்கள் திருச்சட்டக் கல்வியையும் செபத்தையும் மையமாக்கி மக்களை நிலைநிறுத்தினர். வீட்டு மேசை பீடத்தின் சிறப்பைப் பெற்றது. வெள்ளி மாலை கதிரவன் மறையுமுன் தாய் விளக்கேற்றுகிறார். தந்தை பிள்ளைகளின் தலைமீது கைவைத்து ஆசி கூறுகிறார். அப்பமும் இரசமும் வாழ்த்தப்படுகின்றன. பாஸ்கா இரவிலோ வீட்டின் மிகச் சிறிய பிள்ளையே கதை சொல்லலைத் தொடங்கி வைக்கிறது. இந்த இரவு மற்ற இரவுகளினின்று ஏன் வேறுபடுகிறது என்று அது கேட்டாக வேண்டும். அதற்கு விடையாகவே விடுதலைப் பயணத்தின் கதை சொல்லப்படும். கேட்க ஒரு பிள்ளை வேண்டும், சொல்ல ஒரு பெரியவர் வேண்டும் என்பதே அங்கு மரபின் இலக்கணம்.

மரபு என்றால் கேள்வி கேட்காமல் தலையாட்டுவது என்று எண்ணுவோர் யூதரின் தல்மூது நூலைப் பார்க்க வேண்டும். அதன் பக்கத்தின் நடுவில் மூலப் பகுதி இருக்கும். சுற்றிலும் பல நூற்றாண்டு உரைகள் வாதிட்டுக்கொண்டிருக்கும். ஹில்லேல் பள்ளியினரும் ஷம்மாய் பள்ளியினரும் கொண்ட கருத்து வேறுபாடுகள் அழிக்கப்படாமல் இரு தரப்பிலும் பாதுகாக்கப்பட்டுள்ளன. தோற்ற கருத்தும் பதிவில் இருக்கிறது. நாளைய தலைமுறைக்கு அது தேவைப்படலாம்.

இனிச் சற்றுத் தெற்கே வருவோம். எருசலேம் அழிந்தபின் தம் முன்னோர் கொடுங்கல்லூரில் வந்திறங்கினர் என்பது கொச்சி யூதரின் மரபு. அக்கொடுங்கல்லூர்ப் பகுதியே பண்டைய முசிறி. அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் நொய்யல் கரையோரம் கொடுமணல், கரூர் எனச் சென்ற வணிகப் பெருவழியை நம் வரலாற்றாசிரியர் காட்டுகின்றனர். ஏறத்தாழ கி.பி. 1000-ஆம் ஆண்டைச் சார்ந்த செப்பேட்டில், சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர் ஜோசப் ரப்பான் என்பவருக்கு 72 உரிமைகளை வழங்கினார். மட்டாஞ்சேரியின் பரதேசித் தொழுகைக்கூடம் 1568-இல் எழுந்தது. 1968-இல் அதன் நானூறாம் ஆண்டு விழாவில் பிரதமர் இந்திரா காந்தி பங்கேற்றார். கொச்சி யூதப் பெண்கள் திருமணத்திலும் திருநாளிலும் மலையாளத்தில் பாடிய விவிலியக் கதைப் பாடல்களைக் கையெழுத்து நோட்டுகளில் எழுதித் தாய் மகளுக்கெனக் காத்தனர்.

ஆனால் அங்கே மரபின் இருண்ட முகத்தையும் காண்கிறோம். பரதேசித் தொழுகைக்கூடத்தில், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர் என்று கருதப்பட்ட யூதர்கள் உள்ளே இருக்கைகளில் அமர உரிமையற்றிருந்தனர். திருச்சட்டச் சுருளை வாசிக்க அவர்கள் அழைக்கப்படவில்லை. கல்லறையிலும் அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. கேட்டபோது கிடைத்த விடை, இது மரபு என்பதே. அக்குடியில் 1882-இல் பிறந்து வழக்கறிஞரான ஆபிரகாம் பாரக் சேலம் என்பவர், காந்தியடிகளின் வழியைத் தொழுகைக்கூடத்திற்குள்ளேயே கொண்டுவந்து அறப்போராட்டம் நடத்தினார். மக்கள் அவரை 'யூத காந்தி' என்றனர். தடைகள் மெல்ல மெல்ல விலகின. அவர் 1967-இல் இறந்தார்.

எகிப்தில் அடிமைகளாயிருந்ததை ஆண்டுதோறும் நினைவுகூரும் மக்கள், தம் நடுவே அடிமையின் வழிவந்தவரைப் படிக்கட்டில் அமர்த்தியது எத்துணை முரண்! ஆனால் இதைச் சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது? ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் நாம், இறந்தபின்னும் சாதிவாரியாகப் புதைக்கப்படும் கல்லறைத் தோட்டங்கள் தமிழகத் திருச்சபையில் இன்னும் இருக்கின்றன. தேர் இந்தத் தெருவுக்குள் வராது என்பதையும், இந்தக் குடும்பத்தாரே கொடியேற்ற வேண்டும் என்பதையும் மரபு என்னும் பெயரிலேயே காத்து வருகிறோம். இறையியலார் இவ் கொங்கார் ஒருமையில் எழுதும் திருமரபையும், பன்மையில் எழுதும் மரபுகளையும் பிரித்துக் காட்டினார். முன்னது நற்செய்தி, பின்னவை அந்நற்செய்தி காலந்தோறும் உடுத்திய ஆடைகள். கிழிந்த ஆடையைக் களையலாம். அழுக்கான ஆடையைக் களைந்தே ஆக வேண்டும். ஒரு வழக்கம் திருமரபைச் சார்ந்ததா என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. அது எளியவரை மேசைக்கு அழைக்கிறதா, அல்லது வாசலில் நிறுத்துகிறதா என்று பார்த்தால் போதும்.

கொச்சித் தொழுகைக்கூடத்தின் நிலை இன்று என்ன? சீனத்து நீல ஓடுகள் பதித்த தரையைக் காண உலகெங்கிலுமிருந்து பார்வையாளர் வருகின்றனர். பொது வழிபாட்டுக்கு வேண்டிய வயதுவந்த ஆடவர் பத்துப்பேர் உள்ளூரில் இல்லை. 1950-களிலேயே கொச்சி யூதரில் பெரும்பகுதியினர் இஸ்ரயேலுக்குச் சென்றுவிட்டனர். அது நம்பிக்கை குன்றியதால் நேர்ந்ததன்று. மூதாதையரின் மண்மீது கொண்ட வேட்கையால் நேர்ந்தது. அங்கு நெவாதிம் என்னும் குடியிருப்பில் கொச்சித் தொழுகைக்கூடம் ஒன்றின் பேழையை நிறுவி, தம் பாட்டிமாரின் மெட்டுகளில் பாடுகின்றனர். கட்டடம் இங்கே நின்றது. மரபு, சென்ற மக்களோடு சென்றது. கொங்கணத்தில் கட்டடமே இல்லாமல் பல தலைமுறை மரபு வாழ்ந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில், மரபின் இருப்பிடம் எது என்பது விளங்கும்.

இப்போது மண்ணரைக்கு வருவோம். திருப்பூரின் இப்பகுதியில் வாழும் கத்தோலிக்கருள் பலர் வேறு ஊர்களிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். தென்மாவட்டத்துக் கடலோரமும் கரிசல் காடும் விட்டு வந்த குடும்பங்கள் உண்டு. அண்மை ஆண்டுகளில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பழங்குடி இளைஞர்களும் உண்டு. தேரும், கொடிமரமும், தவக்கால ஒப்பாரியும், திருநாள் அசனமும் பிறந்த ஊரிலேயே தங்கிவிட்டன. உடைந்த கப்பலிலிருந்து கரையேறியவர்களைப் போலவே இவர்களும் இந்தப் பனியன் ஊரில் கரையேறியிருக்கின்றனர். நூல் போனாலும் கையோடு எதைக் கொண்டு வந்தோம் என்பதே இவர்கள்முன் உள்ள கேள்வி.

ஞாயிறு அதன் முதல் சோதனை. ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் நாள் நெருங்கிவிட்டால், பவர் டேபிளும் ஓவர்லாக்கும் ஞாயிறு காலையிலும் ஓடுகின்றன. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி இல்லை. வாடகையும் பள்ளிக் கட்டணமும் எந்த ஞாயிற்றுக்கும் காத்திருப்பதில்லை. இதை அறிந்த நாம், பலிபீடத்திலிருந்து அவரைக் கடிந்துகொள்வது முறையாகாது. ஆனால் ஒன்றை நினைவூட்டலாம். கொங்கணத்துச் செக்காட்டியும் செல்வரல்லர். அவருக்கும் சனிக்கிழமை ஒரு நாள் வருமானம் இழப்புதான். அந்த இழப்பே அவர் பிள்ளைகளுக்குத் தாங்கள் யார் என்பதைக் கற்பித்தது.

மேலும், ஓய்வுநாள் கட்டளை உழைப்பவரைக் கடிவதற்கு முன் உழைப்பு வாங்குபவரிடம் பேசுகிறது. இணைச்சட்ட நூலில் அக்கட்டளை வீட்டுத் தலைவருக்கே தரப்படுகிறது. அவர் மட்டுமன்று, அவருடைய பணியாளரும், அவர் ஊரில் தங்கும் அன்னியரும், அவருடைய மாடும் ஓய்வு பெற வேண்டும் என்கிறது. எகிப்தில் நீங்கள் அடிமைகளாயிருந்தீர்கள் என்பதை அதற்குக் காரணமாகக் காட்டுகிறது. நம் நாட்டு ஆலைத் தொழிலாளர் இந்த நீதியை எளிதில் பெற்றுவிடவில்லை. மும்பை ஆலைத் தொழிலாளருக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடியபின், 1890-இல்தான் ஞாயிறு விடுமுறை கிட்டியது. விடுதலை பெற்ற இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வார ஓய்வை உறுதி செய்தது. செக்கு மாட்டுக்குச் சனிக்கிழமை கிடைத்த ஓய்வு, விடுதி அறையில் எட்டுப்பேரோடு தங்கி உழைக்கும் வெளிமாநில இளைஞனுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிறதா? நம்முள் கம்பெனி நடத்துவோரும், கூலிக்கு ஆள் சேர்ப்போரும், கண்காணிப்பாளராய் இருப்போரும் இக்கேள்விக்கு ஆண்டவர் திருமுன் விடை சொல்ல வேண்டியவர்கள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1998-இல் ஆண்டவரின் நாள் பற்றி எழுதிய திருத்தூது மடலும் ஓய்வைத் தொழிலாளரின் உரிமையாகவே காண்கிறது.

வீடு இரண்டாவது சோதனை. பிள்ளைக்குச் செபம் கற்பிக்குமாறு மறைக்கல்வி ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு, கடமை முடிந்தது என எண்ணும் பெற்றோர் பெருகிவருகின்றனர். வாரத்திற்கு ஒரு மணி நேர வகுப்பு மீனைப் பிரித்தறியக் கற்பிக்காது. அடுக்களையில் தாயருகே நிற்கும் பிள்ளையே அதைக் கற்கும். கணவன் பகல் ஷிப்ட், மனைவி இரவு ஷிப்ட் என்னும் வீட்டில் நாள்தோறும் குடும்ப செபமாலை இயலாதிருக்கலாம். வாரத்தில் ஒரு வேளை உணவையாவது அனைவரும் சேர்ந்து உண்பது இயலும். அன்று கைப்பேசிகளை ஒதுக்கி வைத்து, மெழுகுதிரி ஒன்றை ஏற்றி, பிள்ளைகளின் நெற்றியில் பெற்றோர் சிலுவை அடையாளம் இட்டு ஆசி அளிக்கலாம். தாத்தா எந்த ஊர், அங்கே கோவில் எப்படி இருந்தது, நாம் ஏன் கிறிஸ்தவர் என்று பிள்ளை கேட்கட்டும். விடை தெரியாவிட்டால் ஊருக்குத் தொலைபேசியில் பேசிப் பாட்டியிடம் கேட்கட்டும். அன்பியக் கூட்டங்களில் ஜார்க்கண்டு இளைஞர் தம் மொழியில் ஒரு பாடல் பாட நாம் இடமளிப்போம். அவர்களின் மரபும் நம் வீட்டில் விருந்தினர்.

பெரிய ஆலயங்களைக் கட்டுவது நல்லதே. நாமும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் ஆலயத்தை நிரப்பப்போகும் மக்கள் ஆலயத்தில் உருவாவதில்லை. கொங்கணக் கரையில் அந்தப் புளிக்காடிப் பானையை முதன்முதல் மூடிய தாயின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் எதற்காக மூடினார் என்பதைக்கூடப் பின்வந்தோர் பாதி மறந்தனர். ஆயினும் அவர் மகள் மூடினாள், அவளுடைய மகளும் மூடினாள். பொருளை விளக்க ஒருவர் வந்து சேரும் வரை, அந்த மூடி தன் இடத்தில் இருந்தது. இந்த வாரம் நம் இல்லத்து மேசையில் ஏற்றப்படும் ஒரு மெழுகுதிரியும் அவ்வாறே. அதை ஏற்றும் பொறுப்பு, அன்பு இறைமக்களே, உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.